தலைக்குத் தலை வேற கதை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல என் மண்டையைத் திறந்து மூடின கதையை எழுதினாலும் எழுதினேன், கடிதமும் வாட்ஸ்அப்புமா குவிஞ்சுபோச்சு, நீங்களே உக்காந்து பதில் சொல்லுங்கன்னு ஆசிரியர் என் தலையிலயே கட்டிட்டார், அதான் ஏற்கெனவே ஒரு கட்டியைத் தாங்கின தலையாச்சே. அந்தக் கட்டுரையைப் படிக்காதவங்களுக்கு ரெண்டு வரி: எனக்கு வயசு 56, மதுரைல பேங்க் வேலை, 2019ல வலது நெத்திக்குப் பின்னாடி எலுமிச்சம்பழம் சைஸுக்கு மெனிஞ்சியோமாங்கற மூளைக்கட்டி, கிரேடு 2 (எவ்வளவு முரட்டுக் கட்டின்னு 1லேருந்து 4 வரைக்கும் போடற தரம்), மண்டை ஓட்டைத் திறந்து எடுத்தாங்க, அப்புறம் 30 தடவை ரேடியேஷன். நான் டாக்டர் கிடையாது. என் அனுபவமும், எழுதின மத்த நோயாளிங்க அனுபவமும், ஆறு வாரம் ஒரே பெஞ்சுல உக்காந்து டெக்னீஷியன் தம்பிங்கள நச்சரிச்சுக் கேட்டுக்கிட்டதும்தான் இதுல இருக்கு. பேர் போடாதீங்கன்னு பாதிப் பேர் கேட்டதால யாரோட பேரும் போடல.

என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிஞ்சு பயாப்ஸில கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4னு வந்திருக்கு. எங்க தெருவுல ஒரு அண்ணனுக்கும் மூளைக்கட்டிதான், எடுத்த ஒரே மாசத்துல டீக்கடைக்கு வந்துட்டார், ரேடியேஷனே இல்ல. எங்களுக்கு மட்டும் ரேடியேஷன், கீமோ மாத்திரைன்னு ஏன் இழுக்கறாங்க? பணத்துக்காகவா? (வாசகி, விருதுநகர்)

இல்லம்மா. மூளைக்கட்டின்னா ஒரே வியாதி இல்ல. நாவப்பழமும் பழம்தான், பலாப்பழமும் பழம்தான், அந்த மாதிரி. உங்க தெரு அண்ணனுக்கு இருந்தது அனேகமா என்னோட ரகமா இருக்கும், அதுலயும் கிரேடு 1. தேங்காய்ல ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவுல ஒரு தோல் இருக்கில்ல, அந்த மாதிரி மூளையைச் சுத்தி இருக்கிற உறையிலேருந்து வர்றதுதான் மெனிஞ்சியோமா. அது மூளையை அமுக்கும், பெரும்பாலும் உள்ள ஊடுருவாது, அதனால முழுசா எடுக்க முடிஞ்சா பலருக்கு அதோட சரி, வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்துக்கிட்டாப் போதும். கிளையோபிளாஸ்டோமா மூளைத் திசுவுக்குள்ளயே வளர்றது. பட்டுச்சேலையில எண்ணெய் கொட்டினா கறை தெரியற இடத்தை நீங்க வெட்டி எடுத்தாலும் எண்ணெய் அதைத் தாண்டி நூலுக்குள்ள ஓடியிருக்கும்ல, அப்படித்தான். சர்ஜன் கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்துட்டார், தெரியாம ஓடினதுக்குத்தான் 6 வாரம், 30 தடவை, மொத்தம் 60 கிரே (கதிரை அளக்கற கணக்கு) ரேடியேஷன், கூடவே டெமோசோலமைடு மாத்திரை. மாத்திரையை ரேடியேஷன் இல்லாத சனி ஞாயிறும் போடணும், உயரம் எடை பார்த்துத்தான் அளவு சொல்வாங்க, அதனால பக்கத்து பெட்காரர் 100 போடறார், நமக்கு ஏன் 120னு கேக்காதீங்க. ஆறு வாரம் முடிஞ்சா ஒரு மாசம் கேப், அப்புறம் 28 நாளைக்கு ஒருதரம் 5 நாள் மட்டும், கொஞ்சம் கூடுதல் டோஸ், வழக்கமா 6 ரவுண்டு.

பணத்துக்காகவான்னு நேரடியா கேட்டதால நானும் நேரடியாவே சொல்றேன். 2005ல வந்த ஒரு பெரிய ஐரோப்பிய, கனடா ஆராய்ச்சியிலதான் இந்த முறை நிலைச்சது. ரேடியேஷன் மட்டும் எடுத்தவங்கள்ல ரெண்டு வருஷம் தாண்டினவங்க 100க்கு சுமார் 10 பேர், கூட மாத்திரையும் சேர்த்தவங்கள்ல சுமார் 26 பேர். கஷ்டமான நம்பர்தான், மறைக்கல. ஆனா அந்த வித்தியாசத்துக்காகத்தான் உங்க டாக்டர் ரெண்டையும் எழுதியிருக்கார். பயாப்ஸி ரிப்போர்ட்ல எம்.ஜி.எம்.டி. டெஸ்ட் பார்த்தாங்களா, ஐ.டி.ஹெச். என்ன வந்துச்சுன்னு கேளுங்க, ரெண்டும் கட்டியோட மரபணுவைப் பார்க்கற டெஸ்ட். முதல் டெஸ்ட்ல மெத்திலேஷன் இருக்குன்னு வந்தா அந்த மாத்திரை நல்லா வேலை செய்ய வாய்ப்பு அதிகம். ஒரே கிரேடு 4னாலும் இவர் அந்த 26ல இருப்பாரா இல்லையான்னு எந்த டாக்டராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது.

இன்னொண்ணு, இதை எழுதறதுக்கு எனக்கே வெட்கமா இருக்கு. ரேடியேஷனுக்குப் போன நாள்ல எனக்கு அடுத்த டர்ன் ஒரு ஆட்டோ ஓட்டற தம்பி. அவருக்கும் 30, எனக்கும் 30, அவர் அம்மா முறுக்கு கொண்டாருவாங்க, நான் சுண்டல் கொண்டுபோவேன், இன்னிக்கு எத்தனாவது இன்னிக்கு எத்தனாவதுன்னு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க மாதிரி எண்ணுவோம். பத்தாவது நாளோ என்னமோ, "ஒண்ணும் கவலைப்படாதீங்க தம்பி, என்னைப் பாருங்க, நான் சரியாயிட்டேன்ல, உங்களுக்கும் சரியாயிடும்"னு சொல்லிட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினார். அவர் பொண்டாட்டி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க. அவருக்கு என்ன கட்டின்னு அன்னிக்கு சாயங்காலம்தான் நர்ஸ் சொல்லித் தெரிஞ்சது. அதுலேருந்து யாரோட ரிப்போர்ட்டையும் என் ரிப்போர்ட் பக்கத்துல வச்சுப் பார்க்கறதில்லை. தொப்பி எங்க வாங்கினீங்க, பஸ்ல எப்படி வர்றீங்க, தூக்கம் வருதா, இதெல்லாம் தாராளமா ஒப்பிடலாம், நானே இந்தப் பக்கம் பூரா அதைத்தான் பண்ணப் போறேன். அந்தத் தெரு அண்ணனைப் பார்த்தா மட்டும் வாங்கண்ணே டீ சாப்பிடலாம்னு சொல்லுங்க, அதோட விடுங்க.

ரேடியேஷனுக்குப் போடற மாஸ்க்கை நினைச்சாலே மூச்சு முட்டுது. லிஃப்ட்லயே ஏறமாட்டேன், இதை எப்படி 30 நாள்? (வாசகர், நாகர்கோவில்)

இதுக்குத்தான் அதிகம் கடிதம் வந்திருக்கு, ஆபரேஷனை விட இதுக்குத்தான் ஜனங்க பயப்படறாங்க, நானும் அப்படித்தான். முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன். வெள்ளையா, ஓட்டை ஓட்டையா ஒரு பிளாஸ்டிக் ஷீட். வெந்நீர்ல போட்டா இளகிடும். அதை எடுத்து உதறி முகத்துல போத்துவாங்க, எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா சட்டியிலேருந்து எடுத்த ஆப்பத்தைக் கொஞ்சம் ஆறவச்சு மூஞ்சில கவுத்தின மாதிரி. சுடாது, வெதுவெதுன்னுதான் இருக்கும். கையால மூக்கு, தாடை, புருவம் எல்லாம் அழுத்தி உருவம் எடுப்பாங்க, அஞ்சு பத்து நிமிஷத்துல இறுகிடும். அந்த இறுக்கத்துலயே சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் கதிர் எந்தப் பக்கத்துலேருந்து எவ்வளவு போகணும்னு பிளான் போடுவாங்க. தலை ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் கூட நகரக் கூடாது, கண் நரம்பெல்லாம் பக்கத்துலயே இருக்கும், அதுக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. ஓட்டை வழியா காத்து நல்லா வரும், மூச்சு முட்டறது மனசுலதான் (மனசுல முட்டினாலும் முட்டறது முட்டறதுதான், அதை யாரும் சும்மா பயம்னு தள்ளக் கூடாது).

தினமும் படுக்கவச்சு மாஸ்க்கை மாட்டி ரெண்டு பக்கமும் டக் டக்னு கிளிப் போடுவாங்க. அந்த சத்தம்தான் எனக்கு ஆகாது. அப்புறம் எல்லாரும் வெளிய போயிடுவாங்க, ஆனா கேமராவுல பார்த்துக்கிட்டேதான் இருப்பாங்க, கையை ஆட்டினா உடனே நிறுத்திட்டு ஓடிவருவாங்க. மேஜைல இருக்கற நேரம் பத்து பதினஞ்சு நிமிஷம், அதுல கதிர் வர்றது சில நிமிஷம்தான். நான் 16ஆம் வாய்ப்பாடு சொல்லுவேன், பேங்க் புத்தி. பதினாறு பதினாறு இருநூத்தி ஐம்பத்தாறு வர்றப்ப மிஷின் ஒரு பக்கம் முடிச்சிருக்கும், அப்புறம் 17. திருச்சி வாசகி ஒருத்தங்க, மாஸ்க் போடறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கிட்டு, கழட்டினப்புறம்தான் திறப்பாங்களாம், 30 நாளும் ஒருதரம் கூட மாஸ்க்கோட உள்பக்கத்தைப் பார்க்கவே இல்லைங்கறாங்க. கெட்டிக்காரி.

உங்களுக்கு லிஃப்டே ஆகாதுன்னா மாஸ்க் செய்யற அன்னிக்கே சொல்லிடுங்க. கண்ணு இருக்கற இடத்துல வெட்டித் தரமுடியுமான்னு கேக்கலாம், சில இடத்துல முகம் திறந்த மாஸ்க்கே இருக்கு, பதட்டம் குறைய ஒரு சின்ன மாத்திரை அரை மணி முன்னாடி தர்றதும் உண்டு. நடுவுல ஸ்டீராய்டால மூஞ்சி ஊதி மாஸ்க் இறுக்கிச்சுன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, சொன்னா புதுசா செஞ்சு தருவாங்க. இன்னொண்ணு, மாஸ்க்குக்கு அளவெடுத்துச் செஞ்சப்புறம் வீட்டுக்கு வந்து முடியை ஒட்ட வெட்டிக்காதீங்க, அளவு தளர்ந்துபோயிடும்.

கண்ணை மூடிக்கிட்டிருக்கும்போது நீலமா ஒரு வெளிச்சம் மின்னும், சில பேருக்கு பிளீச்சிங் பவுடர் மாதிரி ஒரு நெடி வரும். நான் பேய் பிடிச்சிருச்சோன்னு யார்கிட்டயும் சொல்லாம ஒரு வாரம் ஓட்டினேன். அப்புறம் கதிர் அளவைக் கணக்குப் போடற பிசிசிஸ்ட் பையன்கிட்ட கேட்டா, அது செரென்கோவ் வெளிச்சம்மா, கதிர் கண்ணுக்குள்ள போகும்போது வர்றது, நிறைய பேர் சொல்வாங்கன்னான். இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சா என்னடா.

ரேடியேஷன் முடிச்சுட்டு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாமா? மருமக குழந்தையைக் கிட்டயே விடமாட்டேங்கறா. (வாசகி, சிதம்பரம்)

தூக்குங்க, கொஞ்சுங்க. வெளியிலேருந்து மிஷின்ல குடுக்கற கதிர் மிஷின் நின்னதும் போச்சு, உங்க உடம்புல ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வராது. மருமகளுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. தைராய்டுக்கு மருந்தா குடிக்கற கதிரியக்க அயோடின்தான் வேற கதை, சில நாள் தள்ளி இருக்கணும், அதைக் கேட்டுட்டுத்தான் எல்லாரும் குழப்பிக்கறாங்க. ஆனா கையில பலம் இல்லாம, தலை சுத்திக்கிட்டு இருக்கும்போது நின்னுக்கிட்டே குழந்தையைத் தூக்காதீங்க, உக்காந்து மடியில வாங்கிக்கங்க.

எங்க மாமியாருக்கு டெக்ஸாமெத்தசோன் குடுத்ததுலேருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு இட்லி கேக்கறாங்க, மூஞ்சி வட்டமாயிருச்சு, சுகர் 300. நிறுத்திடலாமா? (வாசகி, தேனி)

அய்யோ, நீங்களா நிறுத்திடாதீங்க, இதை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கங்க. கட்டியைச் சுத்தி மூளை வீங்கறதைக் குறைக்கறதே அந்த ஸ்டீராய்டு மாத்திரைதான், எனக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி தலைவலியும் வாந்தியும் ஒரே நாள்ல அடங்கினது அதாலதான். சில வாரம் தொடர்ந்து போட்டா உடம்பு தன்னோட சொந்த ஸ்டீராய்டு சுரக்கறதைக் குறைச்சுக்கும், திடீர்னு விட்டா மயங்கி விழற அளவுக்குப் போகலாம், வீக்கமும் திரும்பும். படிப்படியாத்தான் குறைக்கணும், அந்த அட்டவணையை டாக்டர்கிட்ட எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க.

பசியும் தூக்கமில்லாததும் அந்த மாத்திரையோட குணம். ரெண்டாவது டோஸை ராத்திரி குடுக்கறீங்களா? காலையும் மத்தியானமுமா மாத்தலாமான்னு கேளுங்க, எனக்கு அப்படி மாத்தினதும்தான் நாலு மணி நேரமாவது தூக்கம் வந்துச்சு. வெறும் வயித்துல வேண்டாம், வயித்து எரிச்சலுக்குத் தனி மாத்திரை சேர்த்துக் குடுப்பாங்க. சுகர் 300ன்னா அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்காம இன்னிக்கே போன் பண்ணுங்க, தேவைப்பட்டா இன்சுலின் போட்டுச் சமாளிப்பாங்க. வாயில வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கான்னும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு: தொடை பலம் போயிடும். நான் ஒரு நாள் இந்தியன் டாய்லெட்ல உக்காந்துட்டு எந்திரிக்க முடியாம, குழாயைப் பிடிச்சு, அது கழண்டு கையோட வந்து, தண்ணி பீச்சி அடிச்சு, கதவைத் தட்டிக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரர் தாழ்ப்பாளை உடைச்சுத்தான் தூக்கினார். மாத்திரை குறைஞ்சதும் மெதுவா பலம் திரும்பிடும், அதுவரைக்கும் மாமியாருக்கு ஒரு கமோடு சேர் வாங்கிப் போட்டுருங்க, உள் தாழ்ப்பாள் வேண்டாம்.

நான் கேள்வி கேக்கல, என் அனுபவத்தைச் சொல்லணும். (வாசகர், கோயம்புத்தூர்)

சொல்லுங்க சொல்லுங்கன்னு இவரோட கடிதத்தை அப்படியே போடறேன், கொஞ்சம் சுருக்கியிருக்கேன்:

"எனக்கு 38 வயசு. இடது பக்கம், பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்துல ஆலிகோடென்ட்ரோகிளையோமாங்கற மூளைக்கட்டி. முழிச்ச நிலையிலேயே ஆபரேஷன் பண்ணாங்க. தோலுக்கும் உறைக்கும் மரத்துப்போற ஊசி போட்டாங்க, மூளைக்குன்னு வலி தெரியாதாம், ஓட்டைத் திறக்கற வரைக்கும் தூங்கவச்சு அப்புறம் எழுப்பினாங்க. எதிர்ல ஒரு மேடம் படம் காட்டிக்கிட்டே இருந்தாங்க. மாடு, சைக்கிள், செருப்பு, சொல்லிக்கிட்டே வந்தேன். குடை படம் வந்துச்சு. எனக்கு அது என்னன்னு நல்லாத் தெரியுது, மழைக்குப் பிடிக்கறதுன்னு தெரியுது, பேர் மட்டும் வாயில வரல. உள்ள சின்ன கரண்ட் வச்சு அந்த இடத்தைத் தொட்டிருக்காங்க. எடுத்ததும் குடை குடைன்னு ரெண்டு தடவை சொன்னேன், அந்த இடத்தைத் தொடாம விட்டாங்க. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மாத்தி மாத்திக் கேட்டாங்க, ரெண்டுக்கும் இடம் கொஞ்சம் வேற வேறயா இருக்கலாமாம். பயமா இருந்துச்சான்னு எல்லாரும் கேக்கறாங்க, அதை விட ஒரே பக்கமா மூணு மணி நேரம் படுத்திருந்ததுல தோள்பட்டை வலிதான் தாங்க முடியல."

இதைப் படிச்சுட்டு எல்லாரும் எனக்கும் முழிச்ச ஆபரேஷன்தான் வேணும்னு கேக்காதீங்க, பேச்சு, கைகால் அசைவு சம்பந்தப்பட்ட இடத்துக்குப் பக்கத்துல கட்டி இருந்தாத்தான் அதுக்கு அர்த்தம். எனக்கு முழு மயக்கம்தான், கண்ணைத் திறந்தப்ப தலையில பெரிய கட்டு, தொண்டை கரகரன்னு, தண்ணி தண்ணின்னு கேட்டேனாம்.

வலது காதுல அகூஸ்டிக் நியூரோமா (காது நரம்புல வளர்ற கட்டி), 1.8 சென்டிமீட்டர். ஒரு டாக்டர் ஆபரேஷன்ங்கறார், இன்னொருத்தர் காமா நைஃப்ங்கறார். கத்தி இல்லாத கத்தின்னா என்ன? (வாசகர், ஈரோடு)

பேர்லதான் கத்தி. ஸ்வீடன் நாட்டு சர்ஜன் லார்ஸ் லெக்செல் 1951லயே இந்த யோசனையை எழுதி, அறுபதுகளோட கடைசியில ஸ்டாக்ஹோம்ல முதல் மிஷினைக் கொண்டுவந்தார். இப்ப இருக்கற மிஷின்ல 192 கோபால்ட் கதிர், ஒவ்வொண்ணும் தனியா ரொம்ப பலவீனம், எல்லாம் ஒரே புள்ளியில சேரும்போது அங்க மட்டும் பலம். வெயில்ல பூதக்கண்ணாடி வச்சுப் பேப்பரைப் பத்தவச்சிருக்கீங்கல்ல, அந்தக் கணக்கு. மாஸ்க்குக்குப் பதிலா பல இடத்துல தலையில நாலு ஸ்க்ரூ வச்ச ஃப்ரேம் மாட்டுவாங்க, ஊசி போட்டு மரத்துப்போக வச்சுட்டுத்தான். ஒரே நாள்ல முடிஞ்சு வீட்டுக்கு வந்துடலாம். பொதுவா 3 சென்டிமீட்டருக்குள்ள இருக்கற கட்டிக்கு.

ஆனா இதுல கட்டி காணாமப் போகாது, வளர்றது நிக்கும், அதான் குறி. பத்துல ஒன்பது பேருக்கு மேல அப்படி நிக்குதுங்கறாங்க. சேலம் வாசகர் ஒருத்தர் காமா எடுத்து ஆறு மாசத்துல ஸ்கேன் பார்த்தா கட்டி கொஞ்சம் பெருசா தெரிஞ்சிருக்கு, தலைசுத்தல் வேற, மனுஷன் அரண்டுபோயிட்டார். கதிர் பட்டதும் கட்டி கொஞ்ச நாள் வீங்கிட்டுத்தான் அடங்கும்னு முன்னாடியே யாரும் சொல்லல போல. இப்ப மூணு வருஷமா அப்படியே நிக்குது, காது மட்டும் கொஞ்சம் கொஞ்சமா மந்தமாகுதுன்னு எழுதியிருக்கார்.

ஆபரேஷன் பக்கத்துக் கடிதம் கரூர்லேருந்து. அவங்களுக்கு 4 சென்டிமீட்டர், மூளைத்தண்டை அமுக்கிக்கிட்டு இருந்ததால காமாவுக்கு வழியே இல்ல. எடுத்தப்புறம் ஒரு பக்கம் முகம் தொங்கி, கண்ணு மூடாம, ராத்திரி பிளாஸ்டர் ஒட்டிப் படுத்திருக்காங்க, பத்து மாசத்துல முக்கால்வாசி திரும்பிச்சு. அந்தப் பக்கக் காது முழுசா போச்சு. "நல்ல காதைத் தலையணையில அமுக்கிப் படுத்தா எங்க வீட்டுக்காரர் குறட்டை கேக்கறதே இல்லக்கா, இருபது வருஷத்துல இப்பதான் தூங்கறேன்"னு கடைசியில ஒரு வரி.

உங்க 1.8க்கு மூணாவதா ஒரு வழியும் உண்டு: ஒண்ணும் பண்ணாம ஆறு மாசத்துல திரும்ப ஸ்கேன் எடுத்து வளருதான்னு பார்க்கறது. வருஷக்கணக்கா வளராம கிடக்கறதும் இருக்கு. இப்ப அந்தக் காது எவ்வளவு கேக்குதுன்னு ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கிட்டு, ரெண்டு டாக்டர்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேளுங்க, அஞ்சு வருஷம் கழிச்சு என் முகமும் காதும் எப்படி இருக்கும்னு.

முடி திரும்ப வருமா? (வாசகி, காஞ்சிபுரம்)

கதிர் நுழையற இடத்துலயும் வெளியேறற இடத்துலயும் ரெண்டு மூணு வாரத்துல கொத்துக்கொத்தா கொட்டும், தலையணையைப் பார்த்து அழாதீங்க. நிறைய பேருக்கு முடிஞ்சு மூணுலேருந்து ஆறு மாசத்துல திரும்ப ஆரம்பிக்கும், டோஸ் அதிகமான இடத்துல மட்டும் திட்டா வழுக்கை நிக்கலாம். எனக்குக் காதுக்கு மேல ஒரு அஞ்சு ரூபா காசு அகலம் இன்னமும் வரல, மேல முடியைச் சீவி மறைச்சுக்கறேன். அதுவரைக்கும் குழந்தைங்க ஷாம்பூ, பருத்தித் துண்டு, தலைக்கு எண்ணெய் வேண்டாம், வெயில் படக் கூடாது.

நம்ம ஊர்ல ஒரு வசதி, மொட்டைத் தலையைப் பார்த்தா யாரும் வியாதின்னு நினைக்கறதில்ல. டவுன் பஸ்ல பூக்காரம்மா, திருப்பதியா பழனியான்னு கேட்டாங்க. பழனின்னேன். பஞ்சாமிர்தம் எங்கன்னு அடுத்த கேள்வி.

ரேடியேஷன் முடிஞ்சு முதல் எம்.ஆர்.ஐ.யில கட்டி பெருசான மாதிரி இருக்குன்னு ரிப்போர்ட். எங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல. எல்லாம் வீணாப்போச்சா? (வாசகர், தஞ்சாவூர்)

எத்தனை வாரத்துல எடுத்ததுன்னு எழுதல. முதல் மூணு மாசத்துக்குள்ளன்னா அந்த ஒரு ஸ்கேனை வச்சு முடிவு கட்ட முடியாது. கதிர் பட்ட இடம் புண்ணாகி வீங்கி, மருந்து ஏத்தினா வெள்ளையாத்தான் தெரியும், கட்டி வளர்ந்ததும் அதே மாதிரித்தான் தெரியும். பொய்யான வளர்ச்சின்னு டாக்டருங்க இதுக்குத் தனியா ஒரு பேரே வச்சிருக்காங்க, டெமோசோலமைடு சேர்த்து எடுத்தவங்களுக்கு இது அடிக்கடி வரும். அப்பாவுக்குப் புதுசா கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் ஏதும் இல்லன்னா, ஸ்டீராய்டு ஏத்த வேண்டிய தேவையும் வரலன்னா, பெரும்பாலும் மருந்தை நிறுத்தாம ஒண்ணு ரெண்டு மாசத்துல திரும்ப ஸ்கேன் எடுப்பாங்க, சந்தேகம் தீரலன்னா ரத்த ஓட்டம் பார்க்கற பெர்ஃப்யூஷன் ஸ்கேனோ பெட் ஸ்கேனோ எடுப்பாங்க. ரிப்போர்ட் எழுதினவர்கிட்ட முந்தின ஸ்கேன் சி.டி.யும் ரேடியேஷன் எந்த இடத்துல குடுத்தாங்கங்கற விவரமும் இருந்துச்சான்னு கேளுங்க. நிறைய சென்டர்ல அது இல்லாமலே எழுதிடறாங்க. எனக்கே ஒரு ஸ்கேன் சென்டர்ல, ஆபரேஷன் ஆன விஷயமே தெரியாம எழுதிக் குடுத்தாங்க, மண்டைல டைட்டானியம் தகடு தெரிஞ்சும்.

நிஜமாவே வளர்ந்ததாவும் இருக்கலாம், அதை நான் இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அப்பாகிட்ட சொல்லாம வச்சிருக்கீங்களே, எனக்குத் தெரிஞ்சு நம்ம மூஞ்சியைப் பார்த்தே அவங்க படிச்சிடறாங்க. "ஸ்கேன்ல ஒரு சந்தேகம் இருக்குப்பா, திரும்ப எடுக்கச் சொல்லியிருக்காங்க"ன்னு உள்ளதைச் சொல்லிடுங்க, அதுல பொய் ஒண்ணும் இல்லையே.

தனியார்ல 6 லட்சம் கேக்கறாங்க. ஜி.ஹெச்ல மூளை ஆபரேஷன் நம்பிப் பண்ணலாமா? (வாசகர், விழுப்புரம்)

இந்த நாட்டுல மூளை ஆபரேஷனே எங்கேருந்து ஆரம்பிச்சுதுன்னு நினைச்சீங்க? 1949ல வேலூர் சி.எம்.சி.யில ஜேக்கப் சாண்டி, அடுத்த வருஷமே 1950ல சென்னை ஜி.ஹெச்ல பி. ராமமூர்த்தி. இந்தத் துறையையே அரசாங்க ஆஸ்பத்திரியில வளர்த்த ஊர் இது. கூட்டம் இருக்கும், காத்திருப்பு இருக்கும், பெட்ஷீட்டு நாம கொண்டுபோறது நல்லது, ஆனா ஒரு நாளைக்கு அவங்க பார்க்கற மண்டைங்க எண்ணிக்கைக்கு கை பழகியிருக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்குப் போங்க. திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் செல்லும், ரேடியேஷனும் அதுல வரும். அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கணும், பணத்தைக் கட்டிட்டு அப்புறம் கேட்டா நடக்காது. புற்றுநோய்னு சான்று இருந்தா சிகிச்சைக்குப் போக ரயில்ல ஸ்லீப்பர், மூணாவது ஏ.சி. ரெண்டுலயும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வர்றவருக்கு முக்கால்வாசி, அதுக்குன்னு இருக்கற படிவத்துல டாக்டர் கையெழுத்து வாங்கி கவுண்டர்ல குடுக்கணும். என்னோடது கேன்சர் லிஸ்ட்ல வராததால டிக்கெட்டுக்கு முழுக் காசும் குடுத்தேன், அதுல மட்டும் எனக்கு வருத்தமே இல்ல.

அப்பா சாதுவான மனுஷர். ஆபரேஷனுக்கப்புறம் தட்டைத் தூக்கி எறியறார், அம்மாவைக் கெட்ட வார்த்தையில திட்டறார். இது எங்கப்பாவே இல்ல. (வாசகி, புதுச்சேரி)

கட்டி எந்தப் பக்கம் இருந்துச்சு? நெத்திப் பகுதின்னா பொறுமை, அடக்கம் எல்லாத்துக்கும் பிரேக் அங்கதான் இருக்கு, அந்த பிரேக் கொஞ்ச நாள் தேயும். அதை விட முக்கியமா, ஃபிட்ஸ் வராம இருக்க லெவெடிராசெட்டம் போடறாரான்னு பாருங்க. நல்ல மருந்து, ஆனா சில பேருக்கு எரிச்சலும் கோவமும் கொண்டுவரும், கூட ஸ்டீராய்டும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம். எனக்கு அப்படித்தான் ஆச்சு, இருபத்தஞ்சு வருஷம் வாடிக்கையாளர்கிட்ட குரல் உயர்த்தாத நான் கேஸ் சிலிண்டர் போடற பையனைத் தெருவுக்கே கேக்கற மாதிரி திட்டி, அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். டாக்டர் வேற மருந்துக்கு மாத்தினார், ரெண்டு வாரத்துல நான் திரும்ப நானானேன். நீங்களா நிறுத்திட்டா ஃபிட்ஸ் வந்துடும், அதனால அப்பா எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார், எத்தனை மணிக்குக் கோவம் வந்துச்சுன்னு ஒரு வாரம் நோட்டுல குறிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க, டாக்டருக்கு அது போதும். அதுவரைக்கும் எவர்சில்வர் தட்டு. அம்மாவை ரெண்டு நாள் உங்க வீட்டுல தூங்கச் சொல்லுங்க, அவங்களுக்கும் தூக்கம் வேணும்ல.

அப்பாவுக்கு ரேடியேஷன் இருந்துச்சுன்னா, முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஒரு தூக்கம் வரும், சும்மா படுத்தே கிடப்பார், வியாதி முத்திப்போச்சோன்னு பயப்படுவீங்க. சிகிச்சை நடந்தப்ப இல்லாத களைப்பு எனக்கும் முடிஞ்சப்புறம்தான் வந்துச்சு, பதினாலு மணி நேரம் தூங்குவேன், சீரியல்ல யாரு யாருக்குப் பொண்டாட்டின்னே மறந்துபோச்சு. தானா தெளிஞ்சது.

கடைசி நாள் மாஸ்க்கைக் கையில குடுத்துட்டாங்க. தூக்கிப் போட மனசு வரல, வீட்டுல வச்சிருக்கவும் பயமா இருக்கு. நீங்க என்ன பண்ணீங்க? (வாசகி, ராஜபாளையம்)

நானும் ஒரு வருஷம் பரண்ல போட்டு வச்சிருந்தேன். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது என் மாமியார் கையில சிக்கிச்சு. இது யாரு மூஞ்சின்னு கேட்டாங்க, உங்க மருமக மூஞ்சிதான்னேன். நல்லா உத்துப் பார்த்துட்டு, மூக்கு சரியாத்தான் இருக்குன்னாங்க. இப்ப மொட்டை மாடியில வடாம் காயவைக்கும்போது கம்புல மாட்டி நடுவுல நட்டு வச்சிருக்காங்க. காக்கா ஒண்ணு கிட்ட வர்றதில்ல.